தேயிலை விலை விழுந்த வருஷம் சீனவெடி போட்ட பந்தி

பதுளைப் பட்டணத்தில் சீனவெடியிடம் நான் ஏச்சு வாங்கியதே இல்லை என்று எவனாவது சொன்னால், ஒன்று அவன் பொய்யன்; இல்லையென்றால் அந்த ஊரில் இருந்த காலமெல்லாம் பசியே எடுக்காதவன். போலீஸ் சார்ஜன் வாங்கியிருக்கிறார். கச்சேரிப் பியூன் மாதம் தவறாமல் வாங்கியிருக்கிறான். கொழும்பிலிருந்து வந்த புடவை வியாபாரி ஒருவரின் குதிரைகூட வாங்கியிருக்கிறது. போட்ட புல்லை மிச்சம் வைத்ததுதான் அது செய்த குற்றம்.

சீனவெடி என்பது அவர் பெயர் இல்லை. துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, பதுளைக் கடைத்தெருவின் கீழ்க்கோடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கீழே உட்கார ஆறு வாங்குகள், பின்னால் சமைக்கக் குசினி, மேலே தங்குவதற்கு நாலு அறைகள். ஒருவன் ரசத்தைக் கொட்டிவிட்டால் அவனோடு அது நிற்காது. பக்கத்தில் இருப்பவன் ஏன் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் ஏன் இப்படி விழுங்குகிறான் என்று சரம் கடைசி வாங்கு வரைக்கும் வெடித்துக்கொண்டே போகும். அதனால் அந்தப் பெயர்.

அவரைப் பாராட்டிவிட்டும் தப்ப முடியாது.

"கொழம்பு இன்னைக்கு நல்லா இருக்குங்க முதலாளி" என்று ஒரு மாட்டுக் கரத்தைக்காரன் வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

"அப்ப நேத்து நாறிச்சா? நேத்து ஏண்டா வாயத் தொறக்கல? மண்ணையா தின்ன?"

சார்ஜன் விஷயம் இன்னும் விசேஷம். மீன் குழம்பில் உப்பு குறைவு என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். சீனவெடி கால்மணி நேரம் ஏசினார். அரசாங்கத்து உப்பையே தின்று தின்று நாக்குச் செத்துப்போன ஆளுக்கு என் உப்பு எப்படித் தெரியும் என்று கேட்டார். கடைசியில், சார்ஜனைச் சாட்சியோடு கவிழ்த்துவிடலாம் என்று குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு சுத்தமாக இல்லை. அப்படியே திரும்பி, அதுவரைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருபது பேரையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மணி நேரமா உப்பில்லாம தின்னுக்கிட்டு இருக்கீங்களே, ஒருத்தனுக்காவது ரோசம் இருக்கா? மனுசன் ஒருத்தன் கேட்டான் பாரு, சார்ஜன்! அவன்கிட்டக் கத்துக்கங்கடா!"

இவரிடம் பல வருஷம் நிலைத்த ஒரே ஆள் சமையல்காரர் மருதை. காலையில் அடுப்பு மூட்டுமுன் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொள்வார். சாயங்காலம் அடுப்பு அணைந்த பிறகுதான் எடுப்பார். அவருடைய முகத்தில் எப்போதும் ஒரு அமைதி இருக்கும். மேலறை ஒன்றில் மூன்று வருஷம் குடியிருந்த எனக்கு அந்த யோசனை தோன்றாமல் போனதுதான் வருத்தம்.

நான் அப்போது ஒரு கரத்தைக் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. பதுளைக்கு ரயில் வராத காலம். தோட்டங்களிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிகளை மாட்டுக் கரத்தைகளில் ஏற்றிப் பண்டாரவளை ஸ்டேசனுக்கு அனுப்புவதுதான் எங்கள் தொழில். அந்தக் கரத்தைக்காரர்கள், சம்பள ஞாயிறுகளில் இறங்கிவரும் தோட்டத்து ஜனங்கள், தேயிலை பார்க்க வரும் கொழும்புக் கோட்டுக்காரர்கள் எல்லோருடைய வயிறும் சீனவெடியின் கையில் இருந்தது. எல்லோரும் ஏச்சு வாங்கினார்கள், எல்லோரும் மறுநாளும் வந்தார்கள். ஏனென்றால் அந்தக் கடைக் கரண்டி பெரிது.

வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை முடிந்து ஊர் மூச்சுவிட ஆரம்பித்த சமயத்தில்தான் தேயிலை விலை விழுந்தது. சீமையில் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடக்கிறதாம், வாங்க ஆளில்லையாம். சண்டைக் காலத்தில் இலை போதாது, இன்னும் பறி, இன்னும் பறி என்று கொழுந்து பறிக்கிறவளை விரட்டினவர்கள் இந்தத் தோட்டத்துத் துரைமார்தான். இப்போது ஏன் இவ்வளவு பறித்தாய் என்று அவள் வயிற்றில் அடித்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இந்தச் சங்கதி பத்திரிகையில் வருவதற்கு முந்தியே சாப்பாட்டுக் கடைக்கு வந்துவிட்டது. முதலில் கரத்தைக்காரர்கள் இரண்டாவது மீன்துண்டு கேட்பதை நிறுத்தினார்கள். பிறகு மீனையே நிறுத்தி, சோறும் பருப்பும் போதும் என்றார்கள். மேலறைகளில் கோட்டுக்காரர்கள் வருவது நின்றது. நாலு அறையில் நான் மட்டும் பேய்போல நடமாடினேன். தோட்டங்களில் வேலை நாளைக் குறைத்தார்கள். சம்பள ஞாயிறு என்று ஒன்று வந்தது, ஆனால் ஜனங்கள் வரவில்லை. வந்த இரண்டொருவர் ஒரு தேத்தண்ணியை வாங்கிவைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக் கடையின் சாபம் என்ன என்பதை அப்போதுதான் கண்டேன். துணிக்கடையில் விற்காத துணி அலமாரியில் நாளைக்கும் இருக்கும். விற்காத சோறு இருக்காது. நாற்பது பேர் வந்தாலும் நாலு பேர் வந்தாலும் அடுப்புக்கு அதே விறகு, விளக்குக்கு அதே எண்ணெய், கட்டடத்துக்கு அதே வாடகை. ஆள் பாதியாகக் குறைந்தால் லாபமும் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறவன் கடை நடத்தாதவன். லாபம் முழுதாகப் போய், கைப்பணத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

சீனவெடிக்கு இதைவிடப் பெரிய நஷ்டம், ஏசுவதற்கு ஆள் இல்லாமல் போனது. காலியாகக் கிடந்த வாங்குகளை ஏசினார். மழையை ஏசினார். கடைசியில் நான் முகம் மழிக்கும்போது மேலே வந்து வாசலில் நின்றுகொண்டு, கத்தியை நான் பிடிக்கும் விதத்தைப் பற்றி ஏசினார். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன்.

எதிர்ச்சாரியில் இன்னொரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அதன் முதலாளி ஓயாமல் சிரிக்கிறவர். அவர் உடனே விலையைக் குறைத்தார். கூடவே கரண்டியையும் குறைத்தார். பருப்பில் பருப்பைக் குறைத்தார். அடுப்படியில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேரைக் குறைத்தார். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்தார். கையில் காசு குறைந்த ஜனங்கள் அங்கே போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

நாலு எழுத்துப் படித்தவன் என்ற திமிரில் நான் சீனவெடிக்குப் புத்தி சொல்லப் போனேன்.

"முதலாளி, நம்மளும் கரண்டியக் கொஞ்சம் சின்னதாக்கினா என்ன?"

"கரண்டி சின்னதானா வயிறும் சின்னதாகிருமாடா?"

"சரி, மருதையண்ணனைக் கொஞ்ச நாளைக்கு..."

அவர் கையில் இருந்த அகப்பை என் காதோரமாகப் பறந்து தூணில் பட்டது.

"மருதைக்குச் சீட்டைக் கிழிக்கச் சொல்றியா? நான் என்ன தோட்டத்துத் தொரையா? காச்சல் வந்து நான் கெடந்தப்ப எனக்குக் கஞ்சி வச்சவன்டா அவன்! போடா மேல! கணக்கு எழுதுற கையால எனக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டான்!"

காதில் பஞ்சோடு நின்ற மருதை, என்னமோ நல்ல விஷயம் பேசுகிறார்கள் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கடை இனி தாங்காது என்ற கட்டத்தில் ஒரு பெரிய ஓடர் வந்தது. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் துரை லீவில் சீமைக்குப் போகிறாராம். சுற்றுவட்டாரத்துக் கிளாக்கர்மாரும் தலைக் கங்காணிமாரும் சேர்ந்து பட்டணத்து மண்டபம் ஒன்றில் வழியனுப்பு விருந்து வைக்கிறார்கள். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கோழி. சொல்ல வந்தவர் அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். சீமைக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டவர். முன்பணமும் கொடுத்தார். சீனவெடி அதில் ஆடு வாங்கினார். இந்த ஒரு விருந்து கடையைத் தைப்பொங்கல் வரைக்கும் தூக்கி நிறுத்திவிடும் என்று நான் மனக்கணக்குப் போட்டேன்.

விருந்தன்று காலையிலிருந்து மழை. மத்தியானத்துக்கு முன்பே சட்டியெல்லாம் இறங்கிவிட்டது. நெய் வாசம் கடைத்தெருவையே பிடித்து இழுத்தது. எனக்கு அன்று கிட்டங்கியில் வேலை இல்லை. அனுப்பப் பெட்டி இருந்தால்தானே. கீழே வந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பசறை வீதியிலிருந்து ஒரு கூட்டம் நனைந்துகொண்டே வந்தது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக நாற்பது பேருக்குக் குறையாது. தலையில் பாய்ச்சுருள், கையில் சட்டிபானை, ஒருத்தியின் இடுப்பில் கோழிக்கூடை. எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். சிரிக்கிற முதலாளி வெளியே வந்து சிரித்தார்.

"யாவாரம் கெடுதும்மா. கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிப் போயிருங்க."

எழுந்தார்கள். போக இடம் இல்லாமல் நடுத்தெருவில் மழையில் நின்றார்கள். அவ்வளவுதான், இந்தப் பக்கம் சரத்தில் நெருப்புப் பட்டுவிட்டது.

"ஏய்! நடுரோட்டுல என்ன, தேரா இழுக்குறீங்க? புள்ளைங்க நனையுது, கண்ணு அவிஞ்சு போச்சா? உள்ள வந்து தொலைங்க!"

தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். ஆறு வாங்கும் நிறைந்து, மிச்சப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். சீனவெடியின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு இரத்தம் ஓடியது. "மருதை! பருப்பும் சோறும் கொண்டா!" என்று கத்தினார்.

கூட்டத்தின் முன்னால் ஒருத்தி நின்றாள். முத்தம்மா என்று பிறகு தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். கொழுந்துக் கூடைக் கயிறு நெற்றியில் போட்ட தழும்போடு நிமிர்ந்து நின்றாள்.

"வேணாங்க. மழை விட்டதும் போயிருவோம். எங்ககிட்டக் காசு இல்ல."

"உங்கிட்டக் காசு கேட்டேனா?"

"கேக்காததாலதான் வேணாங்குறேன். பிச்சைக்கு வந்தவங்க இல்ல நாங்க."

"பசிக்குதா இல்லையா?"

"பசிச்சா? எங்க பசி, நாங்க பாத்துக்கிறோம். நீங்க எதுக்கு இந்தக் கத்துக் கத்துறீங்க? ஒக்காரச் சொல்றதுன்னா ஒழுங்காச் சொல்லத் தெரியாதா? புள்ளைங்க பயப்படுதில்ல?"

சீனவெடி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூன்று வருஷத்தில் நான் பார்க்காத காட்சி.

அந்த நேரம் ஒரு சின்னப் பெண்பிள்ளை மூக்கை உறிஞ்சி, "என்னா வாசம்மா இது?" என்று கேட்டது. குசினி வாசலில் நின்ற மருதைக்கு அந்தக் குழந்தையின் வாயசைவு புரிந்திருக்க வேண்டும்.

"நெய்ச்சோறு பாப்பா. தொர சீமைக்குப் போறாருல்ல, அவருக்கு விருந்து" என்று சொல்லி, அந்தத் தோட்டத்தின் பேரையும் சொன்னார்.

முத்தம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"எந்தத் தோட்டம்னு சொன்னீங்க?"

மருதை திரும்பவும் சொன்னார்.

"அந்தத் தொரதாங்க, நேத்து விடியக்காலப் பேர் கூப்புடுற பெரட்டுல வரிசையா நிக்க வச்சு எங்க பேரை வெட்டினாரு. இருவத்திரெண்டு வருசம் பறிச்சேன். எம் புருசன் அந்த மலையிலதான் பொதைஞ்சு கெடக்காரு. நாங்க குடியிருந்த லயத்தைக் காலி பண்ணுன்னு ஒரு சீட்டு. பொழுது சாயுறதுக்குள்ள போயிரணுமாம். வீட்டுல அரிசி ஊறிக்கிட்டு இருந்திச்சு, அதைக்கூட ஆக்க விடல."

அவள் அழவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தோட்டத்துப் பெட்டிகளை எத்தனை முறை என் கையால் எழுதிக் கரத்தை ஏற்றியிருப்பேன்.

சீனவெடி மருதையின் பக்கத்தில் போய், அவருடைய காதிலிருந்து பஞ்சைத் தன் விரலாலேயே எடுத்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வாழை எலையெல்லாம் எடு. விருந்துச் சட்டியக் கொண்டா."

"முதலாளி, அது பெரிய கிளாக்கரு..."

"கொண்டாடா."

முத்தம்மா கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு முதல் ஆளாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க மலையில வெளைஞ்ச காசுலதான் இது வந்திருக்கு. அப்ப இது எங்க சோறு. எலையப் போடுங்க."

"பெறகென்ன? எல்லாரும் உக்காந்து தொலைங்க!" என்று பழைய சத்தம் திரும்பி வந்தது. அப்புறம் ஏச்சுத்தான். எலும்பை மென்று தின்னாதவனுக்கு ஏச்சு, பிள்ளைக்கு ஈரல் ஊட்டாமல் தானே தின்ற தகப்பனுக்கு ஏச்சு, பரிமாற வந்த எனக்குக் கரண்டியைக் கவிழ்க்கத் தெரியவில்லை என்று ஏச்சு. பிள்ளைகள் இப்போது பயப்படவில்லை. அவர் கத்தக் கத்தச் சிரித்தன.

மண்டபத்துக்குச் சாப்பாடு எடுத்துப்போகப் பெரிய கிளாக்கர் கரத்தையோடு வந்து இறங்கியபோது, சட்டிகள் பாதிக்குக் கீழே போயிருந்தன. அவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே கால் வைத்தார். நேற்று தன் கையால் சீட்டு எழுதிக் கொடுத்த முகங்கள் எல்லாம் வரிசையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தன. வாயில் ஆட்டுக்கறி.

"என்னய்யா இது?"

"உங்க தோட்டத்து ஆளுங்களுக்குத்தானே ஆக்கச் சொன்னீங்க? வந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்களும் கையக் கழுவிட்டு வாங்க."

"தொர அங்க காத்துக்கிட்டு இருக்காருய்யா!"

"இருக்கட்டும். கப்பல்ல சோறு குடுப்பான்."

"உனக்கென்ன பைத்தியமா? முன்பணம் வாங்கியிருக்கியே! அதைக் கீழ வை!"

முன்பணம் ஆடாக மாறி எல்லோருடைய இலையிலும் இருந்தது. சீனவெடி சுற்றும்முற்றும் பார்த்தார். கடையில் விலைபெறக்கூடிய சாமான் ஒன்றே ஒன்றுதான்; சுவரில் தொங்கிய சீமை மணிக்கூடு. வாங்கின்மேல் ஏறி அதைக் கழற்றினார். இரண்டு கையாலும் பெரிய கிளாக்கரின் மார்பில் சாத்தினார்.

"வச்சுக்க. இது மாதிரி ஒண்ணைப் பாத்துத்தானே நேத்துப் பொழுதுக்குள்ள போங்கன்னு சொன்ன? மிச்ச நேரத்தையும் நீயே வச்சுக்க!"

அந்த மனிதர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, குடையை விரிக்கக் கையில்லாமல், ஒரு மணிக்கூட்டைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினார். தெருவைத் தாண்டுவதற்குள் அது அவர் மார்பிலேயே ஒரு மணி அடித்தது. நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை முதலாளி வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் சிரிக்காமல் நின்றதைப் பார்த்தேன்.

மழை விட்டதும் முத்தம்மா மூட்டையைத் தூக்கினாள். தெமோதரையில் ரயிலுக்காக மலையைக் குடைகிறார்கள், அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போகிறார்களாம். போகிற போக்கில் சீனவெடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆளில்லாத கடையில அடுப்ப எரிச்சுக்கிட்டு, வாங்கு பலகையப் பாத்துக் கத்திக்கிட்டு இருக்கீங்களே, இது ஒரு பொழப்பா? மண்ணு வெட்டுறவனெல்லாம் அங்க வேகாத ரொட்டியத் தின்னுக்கிட்டுக் கெடக்கானாம். காசு எங்க இருக்கோ அங்கதான அடுப்பு இருக்கணும்? இது தெரியாமலா கடை வச்சீங்க?"



இந்தக் கதையைச் சொன்னால், நல்லது செய்தவருக்குக் கடவுள் கொடுத்திருப்பாரே என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்றும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு கிளாக்கர்மார் ஒருவரும் அந்தப் படி மிதிக்கவில்லை. தங்கள் ஆட்களையும் மிதிக்க விடவில்லை. வாடகை கட்ட முடியாமல் முதலில் மேல்மாடி போயிற்று. நானும் வேறு இடம் பார்த்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் கீழ்க்கடையும் பூட்டப்பட்டது. சிக்கனமாக, சிரித்துக்கொண்டே நடத்திய எதிர்க்கடையும் தைமாதம் பூட்டப்பட்டது. பருப்பில் குறைக்க இனிப் பருப்பு இல்லை. பெரிய கரண்டிக்காரனும் போனான், சின்னக் கரண்டிக்காரனும் போனான். சீமைக்குப் போன துரை மட்டும் லீவு முடிந்து உடம்பு பூசினாற்போலத் திரும்பி வந்தார்.

சீனவெடியின் சட்டிபானைகளைத் தெமோதரைக்கு ஏற்றிப்போக எங்கள் கிட்டங்கிக் கரத்தை ஒன்றை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். மருதை சட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தார். அங்கே ரயில் வேலைக்காரர்களின் குடிசைகளுக்குப் பக்கத்தில் மாணாப்புல் கூரை போட்டு அடுப்பு வைத்தார்கள். முத்தம்மா மண்சுமப்பதை விட்டுவிட்டு அங்கே அம்மி அரைக்க வந்தாள். அவளும் அவரும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள் என்றும், சோற்றுக்குப் பாதி, அந்தச் சண்டைக்குப் பாதி என்று கூட்டம் கூடியது என்றும் கரத்தைக்காரர்கள் வந்து சொன்னார்கள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கும் வேலை போயிற்று. ரயில் வந்துகொண்டிருக்கும்போது கரத்தைக் கிட்டங்கிக்குக் கணக்கப்பிள்ளை எதற்கு? கொழும்பில் ஒரு கடையில் இடம் கிடைத்தது. பண்டாரவளைக்குப் போகிற வழியில் தெமோதரையில் கரத்தையிலிருந்து இறங்கி அவரைப் பார்க்கப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தார். புகையில் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"கொழும்புக்குப் போறேங்க முதலாளி."

"எவன்டா போகச் சொன்னான் உன்னைய? இங்க கணக்கெழுத ஆளில்லாம நான் தவிக்கிறேன், இவருக்குக் கொழும்பு கேக்குது! போ! போயிக் கடல் காத்துக் குடி! இங்க நிக்காத, கரத்தை போயிரும்!"

திரும்பிப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டார். நான் வீதிக்கு வந்து ஏறும்போது முத்தம்மா ஓடிவந்து, வாழையிலையில் கட்டிய ஒரு பெரிய பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "வழியில தின்னணுமாம். அந்த மனுசன் கையாலயே கட்டினாரு. கண்ணுல பொகை பட்டுருச்சாம், வரமாட்டாராம்" என்றாள்.

பண்டாரவளையில் ரயிலேறினேன். குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. நானுஓயா தாண்டுகிறவரைக்கும் எனக்கு அதைப் பிரிக்க மனம் வரவில்லை; இரண்டு கையையும் மேலே வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். பாவி மனிதர், சூடு ஆறாமல் கட்டியிருந்தார்.